கிருமியின் போர்வை

1896ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம். மும்பைத் துறைமுகத்தை அடுத்த மாண்டவியில் தானியக் கிடங்குகளில் எலிகள் செத்து விழுந்தன. அவற்றைத் தொடர்ந்து மனிதர்களும் மாண்டனர். கடுங்காய்ச்சலுடன் அக்குளிலும் தொடையிடுக்கிலும் நெறி கட்டியது. அது பிளேக் என்பதை மருத்துவர் வியேகாஸ் கண்டறிந்தார். அஞ்சிய மக்கள் கூட்டங்கூட்டமாக நகரை விட்டு வெளியேறினர்.

அரசின் அழைப்பை ஏற்று மும்பைக்கு வந்த அறிவியலாளர் வால்டெமர் ஹாஃப்கின், கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஆய்வைத் தொடங்கினார். பிளேக் கிருமிகளை இறைச்சிச் சாற்றில் வளர்த்து, சூடேற்றிக் கொன்று, தடுப்பு மருந்து ஆக்கினார். 1897 ஜனவரி 10 அன்று அதனைத் தம் உடலிலேயே முதலில் செலுத்திக்கொண்டார். காய்ச்சல் கண்டது, ஆயினும் நலமடைந்தார். பின்னர்ப் பைகுல்லாச் சிறையில் நோய் பரவியபோது, மருந்தை ஏற்றுக்கொண்ட கைதிகளிடையே இறப்பு குறைந்திருந்தது.

செத்த கிருமி உயிருள்ள கிருமியை எவ்வாறு தடுக்கிறது? விடையின் பெரும்பகுதி கிருமியின் மேற்பரப்பில் இருக்கிறது. ஆனால் அதனை அறியப் பல பத்தாண்டுகள் ஆயின.

பிளேக் கிருமி தெள்ளுப்பூச்சியின் வயிற்றில் வாழ்கிறது. அங்கு வெப்பம் குறைவு; எனவே கிருமிக்குப் போர்வை இல்லை. பூச்சி மனிதரைக் கடிக்கும்போது கிருமி 37 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள உடலுக்குள் நுழைகிறது. உடனே வெள்ளணுக்கள் அதனை விழுங்கத் தொடங்குகின்றன. பல கிருமிகள் அழிகின்றன. சில மட்டும் பெருவிழுங்கிகள் எனப்படும் வெள்ளணுக்களுக்குள் உயிர் தப்பி, உடல் வெப்பத்தை உணர்ந்து, எஃப் 1 என்னும் புரதத்தாலான போர்வையை உருவாக்குகின்றன. போர்வையுடன் வெளிவரும் கிருமியை வெள்ளணுக்களால் எளிதில் விழுங்க இயலாது.

எனினும் மறைத்துக் காக்கும் அப்போர்வையே கிருமியைக் காட்டியும் கொடுக்கிறது. தடுப்பூசி வழியாக எஃப் 1 புரதத்தை முன்னரே அறிந்துகொண்ட உடல், அதற்குரிய எதிர்ப்பொருள்களை ஆயத்தமாக வைத்திருக்கிறது. அவை போர்வையின் மீது ஒட்டிக்கொண்டதும் வெள்ளணுக்களுக்குப் பிடி கிடைத்துவிடுகிறது.

இத்துடன் சிக்கல் தீரவில்லை. போர்வையே இல்லாத பிளேக் கிருமிகளும் உண்டு. அவையும் கொல்ல வல்லவை. கிருமியின் மேற்பரப்பில் நுண்ணிய ஊசிகள் உள்ளன. அவற்றின் வழியே அது வெள்ளணுக்களுக்குள் நச்சுப் புரதங்களைச் செலுத்தி அவற்றைச் செயலிழக்கச் செய்கிறது. ஊசியின் நுனியில் இருப்பது வி என்னும் புரதம். கொன்ற கிருமிகளால் ஆன பழைய மருந்துகள், நுரையீரலைத் தாக்கும் பிளேக்கைத் தடுப்பதில் வலுக்குறைந்தே இருந்தன. ஆகவே இன்றைய ஆய்வாளர்கள் எஃப் 1, வி ஆகிய இரண்டையும் இணைத்துத் தடுப்பூசிகளை உருவாக்கிச் சோதித்து வருகின்றனர். மடகாஸ்கர்த் தீவில் இன்றும் ஆண்டுதோறும் மக்களைப் பிளேக் தாக்குகிறது.

அருஞ்சொற்பொருள்: மாண்டனர் – இறந்தனர், நெறி – நோயால் தோன்றும் கட்டி, குருதி – இரத்தம்.

சிந்தித்து விடை எழுதுக:
தெள்ளுப்பூச்சியின் வயிற்றில் கிருமிக்குப் போர்வை இல்லாதது ஏன்?
எஃப் 1 புரதம் மட்டும் உள்ள தடுப்பூசி ஏன் போதாது?