ஊமையான ஆறாங்குரல்

1908-ஆம் ஆண்டில் புதுவைக்கு வந்து பத்தாண்டு வாழ்ந்த பாரதியார் ‘குயில் பாட்டு’ இயற்றுதற்குக் கருவடிக்குப்பத்து மாந்தோப்பே நிலைக்களமாயிற்று என்பர். அத்தோப்பில் ஆறு குயில்கள் முறைவைத்துக் கூவுகின்றன என்றும், அவற்றுள் ஒன்று ஊமை என்றும் கொள்வோம். ஐந்து கூவல் இனிது கேட்கும். பின்னர் ஒரு வெறுமை. மீண்டும் ஐந்து கூவல். ரோலண்டு நிறுவனத்தார் 1984-இல் வெளியிட்ட ஜூனோ-106 என்னும் சிந்தசைசர் பழுதுறுங்கால் நிகழ்வதும் இதுவே.

இக்கருவியில் கட்டைகள் 61, குரல்களோ ஆறு. ஒரு கட்டையை அழுத்துந்தோறும், முறையில் அடுத்து நிற்கும் குரல் அதனை ஏற்றுப் பாடும். ஆதலின் ஒரு குரல் கெட்டால் இன்ன கட்டை கெட்டதெனச் சுட்டல் இயலாது. ஆறு அழுத்தத்திற்கு ஒருமுறை ஒலி மறையும், அல்லது கரகரக்கும். வாசிப்போர், பாவம், தம் விரலையே நொந்துகொள்வர்! கீ டிரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்தியவாறே மின்விசையைத் திறப்பின் கருவி சோதனை நிலை எய்தும். அப்பொழுது பாடுங் குரலின் எண் முகப்பில் தோன்றும்.

இனி, பழுதின் காரணம் யாதெனில்: குரலொன்றுக்கு 80017ஏ என்னும் சிப் ஒன்று உளது. ஒலியின் சாயலை மாற்றும் வடிகட்டியும், அளவை ஏற்றி இறக்கும் பெருக்கியும் அதனுள் அடங்கும. சிப் என்பது வழக்கு நோக்கிக் கூறியது. உண்மையில் அது, சிறு பலகையில் நுண்ணுறுப்புகளைப் பதித்துக் கரிய பூச்சினால் மூடிய தொகுதியாகும். காப்பிற்கென இட்ட அப்பூச்சே ஆண்டுகள் செல்லச் செல்ல மின்சாரத்தைக் கசியவிடுகின்றது. உள்ளுறுப்புகள் மிகச் சிறிய மின்னோட்டத்தால் ஆளப்படுவன. எனவே சிறு கசிவும் குரலைக் கெடுக்கும். வேலியே பயிரை மேய்ந்தது. பயிரோ பெரும்பாலும் நலமாகவே உளது.

ஆதலின், புதிய மாற்றுச் சிப்புகள் இன்று விற்கப்படினும், பழையதை உடனே எறிந்துவிடுதல் எமக்கு உடன்பாடன்று. மின்தொடர்பை நீக்கி, சாலிடரை உருக்கி உறிஞ்சி, சிப்பைப் பெயர்த்தெடுத்தல் வேண்டும். சூடு மிகின் பலகையின் செப்புக் கோடுகள் உரிந்துவிடும். பின்னர் மூடியுள்ள கண்ணாடிக் கலத்தில் அசிட்டோன் ஊற்றி அதனை ஓரிரு நாள் ஊறவிடுக. அசிட்டோன் எளிதில் தீப்பற்றுவது, விளக்கருகே வையற்க, சன்னல்கள் திறந்திருக்கட்டும். பூச்சு நன்கு இளகுமுன் சுரண்டுவோர் அதனோடு நுண்ணுறுப்புகளையும் கால்களையும் பெயர்த்துவிடுவர். இவ்வேலையில் கைத்திறத்தினும் பொறுமையே பெரிதும் வேண்டப்படுவது.

உரித்துலர்த்திய சிப்பை மீண்டும் பொருத்தியபின், அக்குரலுக்குரிய சிறு திருகிகளைத் திருப்பி ஏனைய ஐந்தோடு ஒப்பச் செய்தல் வேண்டும். பேசாதிருந்தது பேசிற்றென்று மகிழ்ந்து இதனை மறப்பாருளர். அவர் கருவியில் ஆறாங்குரல் ஒலிக்கும். ஆயினும் ஏனையவற்றோடு சேராது.