மதிப்பெண்ணும் ஓர் அளவுதான்!
(வீடியோ கேம் விமர்சனங்களைப் படிப்பது எப்படி? – ஒரு சிறு பாடம்)



ஆண்டு மலரில் வீடியோ கேமைப் பற்றி ஒரு பாடமா என்று சிலர் சிரிக்கலாம். சிரித்துவிட்டே படியுங்கள். கேம் ஆடுவது எப்படி என்று இங்கே சொல்லப்போவதில்லை. ஒரு கேமுக்கு விமர்சகர்கள் போடும் மதிப்பெண்ணை நம்பலாமா, நம்பினால் எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதுதான் விஷயம்.

இதில் காசு இருக்கிறது நண்பர்களே! டிவியில் இணைத்து விளையாடுவதற்கென்றே செய்யப்பட்ட கருவியைத்தான் கன்சோல் என்கிறோம். பிளேஸ்டேஷன் 5 என்ற கன்சோல் 2021 பிப்ரவரியில் நம் நாட்டில் விற்பனைக்கு வந்தபோது விலை 49,990 ரூபாய். அதற்கென வந்த பெரிய கேம்கள் சில 4,999 ரூபாய். கரியாலூர், வெள்ளிமலைப் பக்கமிருந்து மலையிறங்கிப் படிக்க வருகிற நம்மில் பலர் வீட்டில் அது ஒரு மாத மளிகைச் செலவு. "ரேட்டிங் 90 மச்சி, கண்ணை மூடிட்டு வாங்கு" என்று ஒருவன் சொன்னால், கண்ணைத் திறந்து பார்க்க வேண்டாமா?

நாம் பாலிடெக்னிக் மாணவர்கள். வெர்னியர் காலிப்பரில் ரீடிங் எடுக்கும்போது என்னென்ன கேட்கிறோம்? ஸ்கேல் என்ன, ஜீரோ எரர் உண்டா, லீஸ்ட் கவுண்ட் எவ்வளவு, எந்த ஸ்பெசிமனை அளந்தோம், அளந்தது யார்? மதிப்பெண்ணும் ஓர் அளவுதான். அதையும் இதே கேள்விகளால் சோதிப்போம்.

1. எண் எங்கிருந்து வந்தது?

1990களில் நம் ஊர்ப் பக்கம் காசெட் போட்டு ஆடும் டிவி கேம்கள் வந்தன. சில காசெட்டுகளின் மேலே "9999 கேம்கள்" என்று போட்டிருக்கும். போட்டுப் பார்த்தால் சில கேம்களே பெயர் மாறி, கட்டம் மாறித் திரும்பத் திரும்ப வரும்! அது விற்பவர் தாமே ஒட்டிக்கொண்ட எண். விற்பவருக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் ஆடிப் பார்த்துச் சொல்வதுதான் விமர்சனம்.

ஜப்பானில் 1986இல் தொடங்கிய ஃபமிட்சு பத்திரிகை இதற்கு ஒரு முறை வைத்தது. நான்கு பேர் தனித்தனியாக 10க்கு மதிப்பெண் போடுவார்கள், கூட்டினால் 40. அந்த 40க்கு 40ஐ முதன்முதலில் வாங்கியது 1998இல் நின்டெண்டோ வெளியிட்ட 'தி லெஜண்ட் ஆஃப் செல்டா: ஒகரினா ஆஃப் டைம்'. நாம் ஒரே நீளத்தை நான்கு முறை அளந்து பார்ப்பதைப் போன்றதுதான் இது. ஒருவர் கை தவறினாலும் மற்றவர் ரீடிங் காட்டிக்கொடுக்கும்.

2. ஸ்கேல் என்ன?

2001இல் மெட்டாகிரிட்டிக் என்ற இணையதளம் வந்தது. பல விமர்சகர்களின் மதிப்பெண்களைச் சேர்த்து 100க்கு ஒரு சராசரி தருகிறது. ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் என்றால் அங்கே 60. எல்லா விமர்சகருக்கும் ஒரே எடையும் இல்லை. சிலருக்குக் கூடுதல் எடை தருகிறார்கள்; யாருக்கு எவ்வளவு என்பதை வெளியிடுவதில்லை.

இன்னொன்றைக் கவனியுங்கள். அதே தளத்தில் ஒரு சினிமா 61 வாங்கினால் "பொதுவாக நல்ல வரவேற்பு" என்ற பட்டியலில் சேரும். ஒரு கேம் அந்தப் பட்டியலில் சேர 75 வாங்க வேண்டும்! நமக்கோ டிப்ளமோவில் 60 என்றால் ஃபர்ஸ்ட் கிளாஸ், வீட்டில் இனிப்பு. கேமுக்கு 60 என்றால் வாங்க நினைத்தவன் கையைப் பின்னுக்கு இழுக்கிறான். ஸ்கேல் தெரியாமல் எண்ணை மட்டும் பார்த்தால் இப்படித்தான் குழம்புவோம்.

3. எந்த ஸ்பெசிமன்?

இந்தப் பாடத்தில் மிக முக்கியமான பகுதி இது. 2020 டிசம்பர் 10 அன்று 'சைபர்பங்க் 2077' வெளியானது. அதற்கு முன்பே விமர்சனங்கள் வந்து மதிப்பெண்கள் உயரத்தில் நின்றன. ஆனால் விமர்சகர்களுக்கு முன்கூட்டித் தரப்பட்டது கம்ப்யூட்டரில் ஆடும் பிரதி மட்டுமே. பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் வைத்திருந்தவர்கள் வாங்கிப் போட்டால் படம் திணறியது, ஆட்டம் பாதியில் நின்றது. ஒரு வாரத்திலேயே சோனி தன் கடையிலிருந்து கேமை எடுத்துவிட்டுப் பணத்தைத் திருப்பித் தந்தது. கேம் மறுபடி அங்கே விற்பனைக்கு வந்தது 2021 ஜூனில்தான்.

விமர்சகர்கள் பொய் சொன்னார்களா? இல்லை. தங்கள் முன் வைத்த ஸ்பெசிமனை ஒழுங்காகத்தான் அளந்தார்கள். மக்கள் வாங்கியது வேறு ஸ்பெசிமன், அவ்வளவுதான். "ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்பது உண்மைதான். ஆனால் பதம் பார்த்த சோறு அதே பானையில் எடுத்ததாக இருக்க வேண்டுமே!

தேதியையும் பாருங்கள். பிழைகளைத் திருத்தித் திருத்தி அந்தக் கேம் பின்னாளில் நல்ல பெயர் வாங்கியது. மெட்டாகிரிட்டிக்கோ ஒரு விமர்சகர் முதலில் போட்ட மதிப்பெண்ணையே வைத்துக்கொள்ளும். பழைய ரீடிங்கைப் புதிய பொருளுக்குப் பொருத்தக் கூடாது.

4. லீஸ்ட் கவுண்ட் எவ்வளவு?

2010இல் வந்த 'ஃபால்அவுட்: நியூ வேகாஸ்' கேமைச் செய்தது ஆப்சிடியன் நிறுவனம். மெட்டாகிரிட்டிக்கில் 85 வந்தால் போனஸ் என்பது ஒப்பந்தம். வந்தது 84! போனஸ் போச்சு. இதை அந்நிறுவனத்தின் கிறிஸ் அவெலோன் 2012இல் வெளியே சொன்னார்.

யோசித்துப் பாருங்கள். பலர் பல ஸ்கேலில் போட்ட மதிப்பெண்களின் சராசரியில் ஒரு மதிப்பெண் வித்தியாசத்துக்கு என்ன பொருள்? மரக்கடை அளவுகோலை வைத்து மைக்ரானை அளப்பது மாதிரிதான். ஆனால் அந்த ஒரு மதிப்பெண்ணில் உழைத்தவர்களின் பணம் தொங்கியது. 84க்கும் 85க்கும் சண்டை போடாதீர்கள். 84க்கும் 50க்கும் வித்தியாசம் இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

5. அளந்த கை யாருடையது?

2007 நவம்பரில் கேம்ஸ்பாட் தளத்தின் விமர்சகர் ஜெஃப் கெர்ஸ்ட்மன் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். 'கேன் அண்ட் லிஞ்ச்' என்ற கேமுக்கு அவர் 10க்கு 6 போட்டிருந்தார். அதே கேமின் விளம்பரம் அந்தத் தளம் முழுக்க ஓடிக்கொண்டிருந்தது! விளம்பரதாரர் நெருக்கடியே பின்னணி என்று 2012இல் அவரே விளக்கினார்.

"அப்போ விமர்சகரை விடு, ஜனங்க போடுற ரேட்டிங்கைப் பார்ப்போம்" என்பீர்கள். அங்கும் கவனம் தேவை. 2020 ஜூனில் 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பாகம் 2' வெளியான சில மணி நேரத்திலேயே ஆயிரக்கணக்கானோர் மிகக் குறைந்த மதிப்பெண்களைக் கொட்டினார்கள். ஆடி முடிக்க இருபது மணி நேரத்துக்கு மேல் ஆகும் கேம் அது! அடுத்த மாதமே மெட்டாகிரிட்டிக், ஒரு கேம் வெளியாகி 36 மணி நேரம் கழிந்த பிறகே பொதுமக்கள் மதிப்பெண் போடலாம் என்று விதி கொண்டுவந்தது.

6. நம் வீட்டு உதாரணம்: வெண்பா

இனி நமக்கு நெருக்கமான ஒரு கேம். கனடாவின் டொரண்டோ நகரில் உள்ள விசை கேம்ஸ் செய்த 'வெண்பா' 2023 ஜூலை 31 அன்று கன்சோல்களுக்கும் கம்ப்யூட்டருக்கும் வெளியானது. 1988இல் கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மா வெண்பா, அப்பா பாவலன், மகன் கவின். ஊரிலிருந்து கொண்டுபோன சமையல் குறிப்பு நோட்டு கிழிந்து, எழுத்து அழிந்து கிடக்கிறது. விட்டுப்போன குறிப்பைக் கண்டுபிடித்துச் சமைப்பதுதான் ஆட்டம். இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி சரியாக ஏறும் என்பது முதல் புதிர்!

விமர்சகர்களின் சராசரி ஏறத்தாழ 80. 2024இல் சுயாதீன கேம் விழாவின் பெரிய பரிசும், சிறந்த அறிமுகக் கேமுக்கான பாஃப்டா விருதும் கிடைத்தன. ஆனால் விமர்சனங்களைப் படித்தால் ஒரு வேடிக்கை தெரியும். நிறையப் போட்டவர்களும் குறைத்துப் போட்டவர்களும் கவனித்தது பெரும்பாலும் ஒன்றுதான்: கதை மனதைத் தொடுகிறது, கேம் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. ஒருவருக்கு அது அளவான சாப்பாடு, இன்னொருவருக்கு அரை வயிறு. ரீடிங் ஒன்று, தீர்ப்பு இரண்டு. 80 என்ற எண் இதைச் சொல்லாது, வாக்கியம்தான் சொல்லும்.

இன்னும் ஒன்று. இட்லியே பார்க்காத விமர்சகருக்கு அந்தத் தட்டு ஒரு புதிர். நம் வீட்டில் அம்மா தினமும் அடுக்கும் தட்டு நமக்கு எப்படிப் புதிராகும்? ஆனால் அவர் கண்ணில் நீர் வராத இடத்தில் நமக்கு வரலாம். படிக்கிற நமக்கும் ஒரு ஜீரோ எரர் உண்டு. அதைக் கழித்துத்தான் அடுத்தவர் மதிப்பெண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும்.

7. செய்முறைப் பயிற்சி

அடுத்த முறை ஒரு கேமின் ரேட்டிங்கைப் பார்த்தால் அப்சர்வேஷன் நோட்டில் எழுதுவது போல ஐந்து கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள்.

அ) எந்தக் கருவியில், எந்தத் தேதியில் ஆடிப் பார்த்தார்?
ஆ) முழுவதும் ஆடினாரா, எத்தனை மணி நேரம்?
இ) அவர் ஸ்கேலில் நடுத்தரம் என்பது எத்தனை?
ஈ) குறை என்று அவர் சொல்வது எனக்கும் குறையா?
உ) அவர் செலவுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?

ஐந்துக்கும் பதில் கிடைத்தால் எண்ணே தேவைப்படாது.

ஆறாவது கேள்வி ஒன்று உண்டு. அதற்கு டோக்கியோவிலும் லண்டனிலும் பதில் கிடைக்காது. ஐம்பது ஜிபி கேமை மலைக்கிராமத்துச் சிக்னலில் இறக்க எத்தனை நாள் ஆகும்? ஆட்டத்தின் நடுவே கரண்ட் போனால் சேமித்தது மிஞ்சுமா? அப்பாவின் கூலியில் இந்த விலை தகுமா? இதற்கு ரீடிங் எடுக்க வேண்டியவர்கள் நாம்தான். ஆடிப் பார்த்தவன் நாலு வரி நேர்மையாகத் தமிழில் எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டட்டும். அடுத்தவன் காசு தப்பிக்கும்.

நாளை நாமும் ஏதாவது ஒரு தொழிற்சாலையில் பொருளைச் சோதித்துக் கையெழுத்துப் போடப்போகிறவர்கள். அந்தக் கையெழுத்தை நம்பி யாரோ ஒருவர் காசு கொடுப்பார். அதற்கான பயிற்சியை விளையாட்டிலிருந்தே தொடங்கலாமே!



– இறுதியாண்டு மாணவன், இயந்திரவியல் துறை, கரியாலூர்