ஊறு என்னும் முதற்புலன்

ஐம்புலன்களுள் கண்ணுக்கும் செவிக்கும் தரும் மதிப்பை நாம் தோலுக்குத் தருவதில்லை. பழைய தர்க்க ஆசிரியர்களோ அதை எளிதில் ஒதுக்கவில்லை. கௌதமரின் நியாய சூத்திரத்தில் மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு பூர்வபட்சம் வருகிறது: இந்திரியம் என்பது தோல் ஒன்றே, ஏனெனில் கண்ணாயினும் நாவாயினும் தோல் பரவாத இடம் இல்லை. கௌதமர் இதை மறுத்தார். அவ்வாறாயின் நிறமும் ஒலியும் மணமும் ஒருசேர அல்லவா அறியப்பட வேண்டும்? பார்வையற்றவருக்கும் தோல் இருக்கிறதே, அவர் ஏன் நிறத்தைக் காண்பதில்லை? வாதம் முடிந்தது, ஆனால் அந்தக் கருத்து முற்றிலும் மறையவில்லை. மனமும் தோலும் சேராவிடில் எந்த அறிவும் தோன்றாது என்றனர் பிற்கால நையாயிகர்கள். ஆழ்ந்த உறக்கத்தில் மனம் தோலற்ற ஒரு நாடிக்குள் சென்றுவிடுவதாலேயே நாம் ஒன்றையும் அறிவதில்லையாம்! உடற்கூறு என்ற அளவில் இதை இன்று ஏற்க இயலாது. எனினும் பிற அறிவுகளுக்கு அடியில் ஊறு நிற்கிறது என்ற நோக்கு எண்ணத்தக்கது. கருவில் முதலில் விழிக்கும் புலனும் இதுவே.

தொட்ட பொருளின் வடிவையும் சொரசொரப்பையும் உணர்த்தும் நரம்பிழைகள் விரைவானவை. உரோமமுள்ள தோலில் மிக மெதுவாகச் செய்தி கடத்தும் வேறு இழைகளும் உண்டு. உடல் வெப்பமுள்ள கை, விநாடிக்கு ஏறத்தாழ 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் மென்மையாக வருடும்போதுதான் அவை மிகுதியாகக் கிளர்கின்றன. எதைத் தொட்டோம் என்பதைவிட, தொடப்படுவதன் இதத்தையே அவை உணர்த்துகின்றன.

தீண்டலின் பயன் இதத்தோடு நிற்பதில்லை. 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர்கள் போதாமலும் தொற்று பரவியும் குறைமாதக் குழந்தைகள் மடிந்துகொண்டிருந்தன. அங்கே எட்கர் ரேய் சனாப்ரியா என்ற மருத்துவர், குழந்தையைத் தாயின் வெற்று மார்பில் நிமிர்த்தி அணைத்துத் துணியால் கட்டிவைக்கச் செய்தார். 'கங்காரு பராமரிப்பு' என்று பெயர் பெற்ற இம்முறையை, வசதியற்றோர்க்கான மாற்று என்றே பலரும் நெடுங்காலம் கருதினர். எடை குறைந்த குழந்தையின் உடல்நிலை சீரான பின்னரே அதைத் தாயிடம் தருவது மருத்துவமனை வழக்கமாக இருந்தது. நன்மை கருதியே செய்யப்பட்ட பிரிவு அது.

உலக சுகாதார நிறுவனம் ஒருங்கிணைத்த ஓர் ஆய்வு அவ்வழக்கத்தைச் சோதித்தது. டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனையும், நான்கு ஆப்பிரிக்க நாடுகளின் மருத்துவமனைகளும் அதில் பங்கேற்றன. பிறந்தபோது 1 கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட எடையுள்ள 3,211 குழந்தைகள் சேர்க்கப்பட்டன. ஒரு பிரிவினர் பிறந்தவுடனேயே தாயின் மார்பில் வைக்கப்பட்டனர். தீவிர சிகிச்சைப் பிரிவிலேயே தாய்க்கும் படுக்கை தரப்பட்டது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 17 மணி நேரம் அவர்கள் அவ்வாறு இருந்தனர். மறு பிரிவினர் பழைய முறைப்படியே பேணப்பட்டனர். 28 நாட்களுக்குள் இறந்தோர் பழைய முறையில் 100-க்கு ஏறத்தாழ 16. புதிய முறையில் 12. பயன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வு முன்னதாகவே நிறுத்தப்பட்டு, முடிவுகள் 2021-இல் வெளியாயின.

தாயின் உடல் வெப்பம், விரைவில் கிடைக்கும் தாய்ப்பால், பலர் கைபடாததால் குறையும் தொற்று ஆகியவற்றை மருத்துவர்கள் காரணமாகக் கூறுகின்றனர். நாளொன்றுக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை இவ்வாறு அணைத்திருக்குமாறு உலக சுகாதார நிறுவனம் 2022-இல் பரிந்துரைத்தது. தாய் நோயுற்றிருப்பின் தந்தையோ பாட்டியோ குழந்தையைத் தம் மார்பில் ஏற்றுக்கொள்ளலாம்.