நோட்டீஸ் கொடுத்த ஆய்வாளர்



இங்கிலாந்தில் 1894-ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் சிறு நகரங்கள் பலவற்றை நகர்ப்புற மாவட்டங்கள் ஆக்கி, தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களின் கையில் கொடுத்தது. தெரு, சாக்கடை, குப்பையோடு நோய்த்தடுப்பும் மன்றத்தின் பொறுப்பு. அதற்கென இருவர் இருந்தனர். சுகாதார அதிகாரி ஒரு மருத்துவர். சிற்றூர்களில் பெரும்பாலும் சொந்த மருத்துவத் தொழிலுக்கு இடையே பகுதி நேரமாக இதைப் பார்த்தார். மற்றவர் சுகாதார ஆய்வாளர்.

வீடுவீடாக ஏறி இறங்கியவர் ஆய்வாளர்தான். நிரம்பி வழியும் கழிப்பறைக் குழி, ஒழுகும் கூரை, ஓரறையில் நெருக்கியடித்து உறங்கும் குடும்பம், சன்னலை ஒட்டிய பன்றிக் கொட்டில் எல்லாம் அவருடைய குறிப்பேட்டில் ஏறின. வடிகாலில் கசிவு உண்டோ என ஐயம் எழுந்தால் குழாய்க்குள் புகையைச் செலுத்துவார். வீட்டுக்குள் புகை வந்தால் எங்கோ வெடிப்பு இருக்கிறது.

குறை கண்டதும், 1875-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டப்படி வீட்டுக்காரருக்கு நோட்டீஸ் போகும். கெடு முடிந்தும் சரிசெய்யாதவர் நீதிபதிகள் முன் நிற்க வேண்டும். அவர்களின் உத்தரவையும் அலட்சியம் செய்தால் நாளொன்றுக்கு 10 ஷில்லிங் வரை அபராதம். ஆனாலும் நல்ல ஆய்வாளர் நீதிமன்றத்தைக் கடைசி வழியாகவே வைத்திருந்தார். சட்டம் பின்னால் நிற்கிறது என்று தெரிந்தாலே பலர் கொத்தனாரை அழைத்துவிடுவார்கள். கெட்டுப்போன இறைச்சிக்கு மட்டும் கெடு கிடையாது: கடையிலேயே பறிமுதல், நீதிபதி பார்த்ததும் அழிப்பு.

டிப்தீரியா, டைபாய்டு, ஸ்கார்லட் காய்ச்சல் போன்றவற்றைக் கண்ட மருத்துவர் உடனே அறிவிக்க வேண்டும் என்ற 1889-ஆம் ஆண்டுச் சட்டம், 1899-இல் நாடு முழுவதற்கும் கட்டாயமாயிற்று. அறிவிப்பு வந்ததும் நோயாளி வீட்டில் விசாரணை தொடங்கும்: குழந்தைகள் எந்தப் பள்ளி, தண்ணீர் எங்கிருந்து, பால் யாரிடம்? பல வீட்டு நோயாளிகளுக்கும் பால்காரர் ஒருவரே என்றால், தேடல் அவருடைய மாட்டுத் தொழுவத்துக்குப் போகும். தனிமை மருத்துவமனை இருந்தால் நோயாளியை அங்கே அனுப்பி, அறையில் கந்தகப் புகை போடுவார்கள்.

சட்டத்தால் எட்ட முடியாத இடமும் இருந்தது. வாழத் தகாத வீட்டை மூடச்சொல்வது எளிது. அங்கிருந்த ஏழைக் குடும்பம் வேறெங்கே போகும்? மாற்று வீடு இல்லாத ஊரில் ஆய்வாளர் கண்டும் விட்டுவைத்த வீடுகள் உண்டு. அதைக் கடமை தவறியதாகக் கருதுவது நியாயமாகாது.

இன்னொரு நெருக்கடி வேலையைப் பற்றியது. ஆய்வாளரை நியமித்ததும் நீக்கியதும் மன்றமே. மன்ற உறுப்பினர்களிலோ வாடகைக்கு வீடு விட்டவர்கள் இருந்தார்கள். உறுப்பினரின் வீட்டுக்கே நோட்டீஸ் கொடுத்தவர் தம் பிழைப்பைப் பணயம் வைத்தார். சுகாதார அமைச்சரின் ஒப்புதல் இல்லாமல் இத்தகைய அதிகாரிகளை நீக்க முடியாது என்ற பாதுகாப்பு 1921-ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் வந்தது.