தயிர்சாதம் தின்னும் பூனை

கேள்வி: எங்கள் வீட்டில் இரண்டு வயது நாட்டு நாய் ஒன்றும் (15 கிலோ), மூன்று வயதுப் பூனை ஒன்றும் (4 கிலோ) இருக்கின்றன. இரண்டுக்கும் கருத்தடை செய்தாயிற்று. வீட்டைவிட்டு வெளியே விடுவதில்லை. நாங்கள் சைவம்; முட்டைகூட உள்ளே வராது. காலையில் பால் சாதம், இரவில் தயிர்சாதம், ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் சாம்பார் சாதம். இரண்டுக்கும் ஒரே சாப்பாடுதான். கறி, மீன் இல்லாவிட்டால் பூனைக்குக் கண் போய்விடும் என்று பக்கத்து வீட்டுப் பையன் பயமுறுத்துகிறான். "எங்க வீட்டுப் பூனை பால் சோறு தின்னே பன்னிரண்டு வருஷம் இருந்துச்சு" என்கிறார் என் மாமியார். யார் சொல்வது சரி? நாய்க்கு வாங்கும் பாக்கெட் தீனியையே பூனைக்கும் போடலாமா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: பையன் சொல்வது சரி. உங்கள் மாமியார் சொல்வதும் பொய்யாக இருக்காது. ஆனால் அந்தப் பூனை பால் சோற்றால் மட்டும் பிழைக்கவில்லை. நெல் மூட்டை அடுக்கிய வீட்டில் எலிக்குப் பஞ்சமா? எலி, பல்லி, ஓணான், அணில் குஞ்சு என்று அது தன் சாப்பாட்டைத் தானே தேடிக்கொண்டது. வீட்டில் வைத்த பால் சோறு அதற்குப் பலகாரம். ஊர் நாய்களும் அப்படித்தான். மிச்சச் சோற்றோடு கறிக்கடை வாசல், குப்பைமேடு எல்லாவற்றையும் சுற்றி வந்து வயிற்றை நிரப்பின. இன்றைக்குக் கம்பிக்கதவு போட்ட வீட்டுக்குள் இருக்கும் பூனைக்குத் தட்டில் விழுவதைத் தவிர வேறு வழியில்லை. பழைய வீட்டுச் சாப்பாட்டை இங்கே அப்படியே தொடர்வதில்தான் சிக்கல்.

இரண்டையும் ஒரே தட்டில் வைத்து யோசிக்காதீர்கள். மனிதர்களோடு சேர்ந்து வாழ்ந்து நாய் சோறு செரிக்கப் பழகிவிட்டது. 2013இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் இதை மரபணுவிலேயே காட்டினார்கள்: மாவுச்சத்தைச் செரிக்கும் நொதிக்கான மரபணு ஓநாய்க்கு இரண்டு பிரதிகள்தான்; நாய்க்கு நான்கிலிருந்து முப்பது வரை. பூனை அந்தப் பாதையில் வரவே இல்லை. இனிப்புச் சுவைகூட அதன் நாக்குக்குத் தெரியாது. கேரட்டைத் தின்று உயிர்ச்சத்து 'ஏ' தயாரித்துக்கொள்ள அதன் உடம்பால் முடியாது. விலங்கு உணவிலிருந்து நேரடியாகக் கிடைக்க வேண்டும். புரதம் குறைந்த சாப்பாடு போட்டாலும் அதன் ஈரல் புரதத்தை எரிப்பதைக் குறைத்துக்கொள்ளாது. கடைசியில் சொந்தத் தசையைக் கரைக்கும்.

கண் விஷயத்துக்கு வருகிறேன். டாரின் என்றொரு சத்து இறைச்சியிலும் மீனிலும் உண்டு. அரிசி, பருப்பு, காய்கறியில் கிடையாது. பாலில் இருப்பதும் மிகக் கொஞ்சம். நாய் இதைப் பெரும்பாலும் தானே தயாரித்துக்கொள்ளும். பூனையால் போதுமான அளவு முடியாது. டாரின் குறைந்தால் விழித்திரை அழியும் என்பது 1975லேயே நிறுவப்பட்டது. 1987இல் அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழக டேவிஸ் வளாகத்தில் பால் பியானும் சகாக்களும், பூனைகளின் இதயம் வீங்கித் தளர்ந்துபோகும் நோய்க்கும் இதே குறைதான் காரணம் என்று காட்டினார்கள். அதற்குப் பிறகுதான் கம்பெனிகள் தீனியில் டாரினைக் கூட்டின. இதயக் கோளாறை ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் பெரும்பாலும் திருப்பிவிடலாம். அழிந்த விழித்திரை திரும்பாது. எனவே உங்கள் பூனையை ஒருமுறை மருத்துவரிடம் கொண்டுபோய்க் கண்ணையும் இதயத்தையும் பார்த்துவிடுங்கள். ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது.

நாய்த் தீனியைப் பூனைக்குப் போடவே கூடாது. அதில் பூனைக்கு வேண்டிய புரதமோ டாரினோ இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. நாய்த் தீனியே தின்று வளர்ந்த பூனைகளுக்கும் விழித்திரை போயிருக்கிறது. பூனைத் தீனியை நாய் ஒருநாள் திருடித் தின்றால் பாதகமில்லை, வழக்கமானால் ஊதிவிடும்.

சைவ வீட்டில் கறி சமைக்கச் சொல்லப்போவதில்லை. அது தேவையுமில்லை. பூனைக்கென்றே வரும் முழுச் சத்துணவுப் பாக்கெட்டை வாங்கிவிடுங்கள். 4 கிலோ பூனைக்கு நாளுக்கு ஏறக்குறைய 240 கலோரி. உலர் தீனி என்றால் 60 முதல் 65 கிராம். சமையலறைத் தராசில் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள், எவ்வளவு கொஞ்சம் என்று ஆச்சரியமாக இருக்கும். பக்கத்தில் தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். பூனை இயல்பாகவே குறைவாகத்தான் குடிக்கும். செயற்கை டாரின் சேர்த்த சைவப் பூனைத் தீனியும் சந்தையில் உண்டு. நான் பரிந்துரைப்பதில்லை. எந்தத் தீனி வாங்கினாலும் உறையில் அது முழு உணவா, துணைத் தீனியா என்று படியுங்கள். சாஷேக்களில் பல துணைத் தீனிதான்.

நாய்க்கு அவ்வளவு கெடுபிடி இல்லை. 15 கிலோ நாய்க்கு 850 கலோரி போல வேண்டும். உலர் தீனியில் 240 கிராம் அளவு. தயிர்சாதத்தை அடியோடு நிறுத்தினால் நாயைவிட வீட்டில் மற்றவர்கள்தான் வருந்துவார்கள், தெரியும். இரவில் ஒரு சின்னக் கரண்டி போடுங்கள், அதற்கேற்பத் தீனியைக் குறையுங்கள். இப்படி மேலாகக் கொடுப்பதெல்லாம் சேர்ந்து மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. பாலை விடுங்கள். வளர்ந்த நாய், பூனை பலவற்றுக்குப் பால் சர்க்கரை செரிக்காது. காரணம் தெரியாத வயிற்றுப்போக்கு என்று என்னிடம் வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது பாலைப் பற்றித்தான். முழுக்க வீட்டுச் சமையல்தான் என்றால் பருப்பும் பனீரும் மட்டும் போதாது. சுண்ணாம்புச்சத்து, துத்தநாகம், உயிர்ச்சத்துகளைக் கணக்குப் பார்த்துச் சேர்க்க வேண்டும். மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கறி சமைக்கும் வீடுகளில் இதற்கு நேர்மாறான தவறு நடக்கிறது. எலும்பில்லாத கோழியும் சோறும் மட்டும் தின்று வளரும் நாய்க்குட்டிக்குக் கால் வளையும். 100 கிராம் கோழிக்கறியில் பாஸ்பரஸ் 200 மில்லிகிராம் அளவு, கால்சியமோ 15 மில்லிகிராம் போலத்தான். குட்டிக்குப் பாஸ்பரஸைவிடக் கால்சியம் கூடுதலாக வேண்டும்; கிடைக்காவிட்டால் உடம்பு எலும்பிலிருந்து உருவும். அதற்காக வெந்த எலும்பைப் போடாதீர்கள், சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை சாம்பாரை இந்த வாரத்தோடு நிறுத்துங்கள். வெங்காயமும் பூண்டும் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். வேகவைத்தாலும் அந்தக் குணம் போகாது. பூனைக்குக் கிலோவுக்கு 5 கிராம் வெங்காயமே போதும். உங்கள் பூனைக்கு அது இரண்டு மூன்று சின்ன வெங்காயம். பாயசத்தில் போடும் உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட்டும் ஆகாது.

தீனியை ஒரே நாளில் மாற்றாமல் ஏழு முதல் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். நாய் ஒருவேளை முகத்தைத் திருப்பினால் காத்திருக்கலாம். பூனையிடம் "பசிச்சா தானா தின்னும்" என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால், அதுவும் குண்டுப் பூனை என்றால், ஈரலில் கொழுப்பு ஏறி உயிருக்கே ஆபத்தாகும். ஒரு முழுநாள் எதையும் தொடவில்லை என்றால் பழைய சாப்பாட்டையே கொஞ்சம் வைத்துவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள்.