உதட்டுக் கொப்புளத்துக்கு எந்தக் குறியீடு?

அமெரிக்காவில் நோயாளர் ஒருவர் வைத்தியரைக் கண்டு திரும்பியதும், அவரது நோயும் பெற்ற சிகிச்சையும் குறியீடுகளாக்கப்பட்டுக் காப்புறுதி நிறுவனத்துக்கு அனுப்பப்படுகின்றன. கொடுப்பனவு இவற்றைப் பொறுத்ததே. 'மெடிக்கல் கோடிங்' எனும் இத்தொழிலை வெளிநாடுகளில் இருந்தும் செய்ய முடிவதால், நமது இளைஞர் யுவதிகள் என்னிடம் இதுபற்றி விசாரிப்பதுண்டு. அவர்களுக்கு நான் முதலில் சொல்லிக் கொடுப்பது ஒரு சிறிய நோயைப் பற்றியே: உதட்டோரத்தில் தோன்றும் கொப்புளம். ஆங்கிலத்தில் 'கோல்ட் சோர்' என்பர்.

இதற்குக் காரணம் ஹேர்பீஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸ். 2015 ஒக்டோபர் 1 முதல் அமெரிக்காவில் நடைமுறையிலுள்ள ஐ.சி.டி.-10-சி.எம். முறையில் இதன் குறியீடு பி00.1. 'பி'யை அடுத்து வருவன இரு பூச்சியங்கள், 'ஓ' எழுத்தல்ல.

ஆனால் அதே வைரஸ் உடலின் வேறிடங்களையும் தாக்கும். இடம் மாறினால் குறியீடும் மாறும்:

• வாயின் உட்புறம், முரசு: பி00.2
• கண்: பி00.5 பிரிவு. கண்ணின் எப்பகுதி என்பதும் தேவை.
• பிறப்புறுப்பு: ஏ60 பிரிவு
• இடம் குறிப்பிடாமல் "ஹேர்பீஸ்" என்று மட்டும் இருந்தால்: பி00.9

வாய்க்குள் அடிக்கடி வரும் சாதாரண வாய்ப்புண் ஹேர்பீஸே அல்ல. அதற்குக் கே12.0.

உதட்டில் கொப்புளத்தோடு வந்தவருக்கு ஏ60 பிரிவில் ஒரு குறியீட்டை இட்டால் என்னவாகும்? அவருக்குப் பாலியல் நோய் இருப்பதாகக் கோவை சொல்லும். அடுத்த வைத்தியரும் அதையே வாசிப்பார். இது பணத்தோடு முடியும் தவறல்ல. ஒருவருடைய மானத்தையும் தொடுவது.

ஆகவே மூன்று விதிகளை மனதிற் கொள்ளுங்கள்.

முதலாவது, வைத்தியர் எழுதாததை நீங்கள் ஊகித்து எழுதக் கூடாது. கொப்புளத்துக்கான மருந்துச் சீட்டைப் பார்த்து நோயைத் தீர்மானிப்பது நமது வேலையல்ல.

இரண்டாவது, வெளிநோயாளர் குறிப்பில் "ஹேர்பீஸாக இருக்கலாம்" என்றிருந்தால் அதனை உறுதியான நோயாகக் குறியிடக் கூடாது. காணப்பட்ட அறிகுறியையே குறியிட வேண்டும்.

மூன்றாவது, குறிப்பு தெளிவில்லையெனில் வைத்தியரிடமே எழுத்தில் விளக்கம் கேளுங்கள். "இதனை கோல்ட் சோர் என எழுதலாமா?" என்று பதிலை ஊட்டிக் கேட்காதீர்கள், "புண் எவ்விடத்தில் உள்ளது, நோய் யாது?" என்று கேளுங்கள்.

வைத்தியர் தரப்பிலும் பொறுப்புண்டு. இடம், முதற்தடவையா மீண்டும் வந்ததா, நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவரா, என்ன மருந்து கொடுக்கப்பட்டது ஆகியவற்றை எழுதினாலே போதும். ஒரு வரி கூடுதலாக எழுதுவது, பின்னர் பல நாட்கள் கடிதம் எழுதிக் கொண்டிருப்பதைத் தவிர்க்கும்.

இத்தொழிலுக்கு வர விரும்புவோர் குறியீடுகளை மனனம் செய்வதில் நேரத்தைச் செலவிட வேண்டாம். அவற்றைப் பார்க்கப் புத்தகம் இருக்கிறது. குறிப்பை நிதானமாக வாசிக்கப் பழகுங்கள்.