ஏழடி முருகனும் ஒரு பெயரடையும்: இளம் மொழிபெயர்ப்பாளருக்கு

'இன்கிரெடுலஸ்' என்னும் ஆங்கிலப் பெயரடை நம்பாத ஆளைக் குறிக்கும். அவர் நம்பாத செய்தியைக் குறிக்காது. செய்திக்கு உரியது 'இன்கிரெடிபிள்'. முகம், பார்வை, குரல் ஆகியவை ஆளின் மனத்தைக் காட்டுவதால் முதற்சொல் அவற்றோடும் சேரும், சிலையோடு சேராது.

வல்லக்கோட்டைக் கோயில் பற்றிய தமிழ்க் கட்டுரையின் புதிய ஆங்கில மொழிபெயர்ப்பில், ஏழடி உயர மூலவர் 'இன்கிரெடுலஸ்' ஆகியிருக்கிறார். அருணகிரிநாதர் திருப்புகழ் பாடிய முருகன் எதையோ நம்ப மறுத்து நிற்பதாகவே ஆங்கில வாசகர் கொள்வார். பொறுக்கத்தக்க பிழையன்று இது. சுற்றுலாத் துறை 2002இல் தொடங்கிய 'இன்கிரெடிபிள் இந்தியா' விளம்பரத்திலேயே சரியான சொல் இருக்கிறது.

பிழையின் வேர் தமிழ்ப் பெயரெச்சத்தில் உள்ளது. 'நம்பாத மனிதர்' என்றால் நம்ப மறுப்பவரும் ஆகலாம், பிறரால் நம்பப்படாதவரும் ஆகலாம். செய்பவர், செயப்படுபொருள், இடம், காலம், கருவி, வினை ஆகிய ஆறுக்கும் பெயரெச்சம் ஒத்த உரிமை உடையது என்று தொல்காப்பிய வினையியல் வகுத்திருக்கிறது. அந்த உரிமை ஆங்கிலப் பெயரடைக்குக் கிடையாது. தொல்காப்பியம் படிக்காமல் ஆங்கிலத்துக்குப் பெயர்ப்பவர்கள் இந்த இடத்தில்தான் வழுக்குகிறார்கள். ஈய எழுத்துக் கோத்த காலத்து அச்சகங்களில் மெய்ப்புத் திருத்துவோர் கைக்கெட்டும் தூரத்தில் லிஃப்கோ அகராதி கிடக்கும். தெரிந்த சொல்லுக்கும் அதைப் புரட்டுவார்கள். அந்தப் பழக்கம் போய்விட்டது.

ஷேக்ஸ்பியரின் 'பன்னிரண்டாம் இரவு' நாடகத்தில் 'இன்கிரெடுலஸ்' 'நம்பத்தகாத' என்ற பொருளிலும் வருகிறது. அது பழைய வழக்கு. இன்றைய உரைநடைக்குச் சான்றாகாது.

'ஸ்கெப்டிகல்' வேறு. ஒரகடம் ஆலையில் ஒரு மாதமாகப் பழுதே இல்லை என்று கேட்டதும் தரப் பரிசோதகரின் முகம் மாறுவது 'இன்கிரெடுலஸ்'. பிறகு பதிவேடுகளை ஒவ்வொன்றாக அவர் சரிபார்க்க உட்காரும் மனநிலை 'ஸ்கெப்டிகல்'. முன்னது அந்தக் கணத்தோடு போவது, பின்னது நீடிப்பது.

அந்தக் கோயில் கட்டுரையின் மொழிபெயர்ப்பில், ஷிஃப்ட் முடித்துக் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும் தொழிலாளர்கள் கிருத்திகைக் கூட்டத்தில் கலக்கும் பத்தி மிக உயர்ந்த பெயர்ப்பு. மூலத்தைவிட அழகு என்றே சொல்லலாம். ஆனால் ஒரு குறை: முதல் சம்பளத்தை உண்டியலில் போட்டுவிட்டதாக மகன் போனில் சொல்கிறான், "முழுசுமாடா?" என்கிறாள் தாய். அவள் குரலுக்கு 'சர்ப்ரைஸ்ட்' என்று போட்டிருப்பது போதாது. 'இன்கிரெடுலஸ்' வரவேண்டிய இடம் அது.